கதவுகளை மேசையாக்கிய மகளுக்கு

மெர்சி,

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் உனக்கு முதலில் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். 'அப்பா இப்ப எதைத் தோண்ட வாராரு?' என்றுதான் நினைப்பாய். நினை. அதில் தப்பில்லை. போன மாதம் வரை நான் உன் அலுவலகத்துக்கு வந்தபோதெல்லாம் நீ அப்படி நினைக்காமல் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாயே, அதுதான் தப்பாகிப்போனது. உறையை நான் ஒட்டவில்லை. உன் அம்மா படித்துவிட்டுத்தான் கொண்டுவந்து தருவாள். உன்னிடம் வேலை பார்க்கும் பிள்ளைகள் படித்தாலும் எனக்கு வருத்தமில்லை. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, அவளைப் பற்றியே மருமகனிடம் துப்புச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு தகப்பன் எழுதுகிறேன். என்னைப் போல இந்த ஊரில் வேறு யாராவது இருந்தால் அவர்களும் படிக்கட்டும்.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் கட்டட வரைபடங்களைச் சரிபார்த்து அனுமதி கொடுக்கிற பிரிவில் இருந்தவன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வரைபடத்தில் 'வாகன நிறுத்துமிடம்' என்று எழுதியிருக்கும். கட்டி முடித்தபின் போய்ப் பார்த்தால் வரிசையாக ஷட்டர் போட்ட கடைகள் இருக்கும். மொட்டைமாடியில் 'துணி உலர்த்துமிடம்' என்று காட்டியிருப்பார்கள். அங்கே ஒரு குடும்பமே வாடகைக்குக் குடியிருக்கும். அதனால் எழுத்தை நம்பாமல் தண்ணீர்க் குழாயைப் பார்க்கப் பழகினேன். குழாய் எங்கே போகிறதோ அங்கே ஆள் குடியேறப் போகிறது என்று அர்த்தம். இந்தப் புத்தியை நான் அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். சாயங்காலம் பையோடு சேர்த்து வீட்டுக்கும் கொண்டுவந்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டு உள்ளே வீடு கட்டுவாய். வாசலில் 'அனுமதி பெற்று வரவும்' என்று எழுதி ஒட்டியிருப்பாய். நான் குனிந்து போர்வையைத் தூக்கிப் பார்ப்பேன். "அப்பா, அனுமதி கேக்கல!" என்று கத்துவாய். "அனுமதி குடுக்கிற ஆபீசரே நான்தாம்மா" என்பேன். வீட்டில் எல்லோரும் சிரிப்போம். நீ சிரித்தாயா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை.

குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவதும் விளம்பரங்களுக்கு அனிமேஷன் செய்வதுமாக உன் வீட்டுக் கூடத்திலேயே நீ நடத்திக்கொண்டிருந்த தொழில், ஆட்கள் சேரச் சேர வீட்டுக்குள் அடங்காமல் போனது. மாப்பிள்ளை எட்வினுக்கும் வீட்டுக்குள் வெளியாட்கள் வந்துபோவது பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நீங்கள் இருவரும் சாப்பிட வந்திருந்தபோது, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு இடம் பார்த்திருப்பதாகச் சொன்னாய். மூடிக் கிடக்கிற ஒரு லாட்ஜின் மாடி.

"லாட்ஜா?" என்றேன்.

"லாட்ஜா இருந்துச்சுப்பா. இப்ப மூடிட்டாங்க."

"போலீஸ் மூடுச்சா, ஓனரே மூடிட்டாரா?"

"ஓனருக்கு வயசாயிருச்சு. பாத்துக்க ஆளில்ல. அம்புட்டுத்தான்."

எட்வின் தட்டைப் பார்த்தபடி, "லாட்ஜ்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கல்ல மாமா" என்றார். நானும் தலையாட்டினேன். மறுநாளே அங்கே போனேன். கீழே இருக்கும் டீக்கடையில் விசாரித்தேன். பூ மார்க்கெட்டுக்கு வந்து அந்த லாட்ஜில் தங்கிப் பழகிய வியாபாரிகளிடம் விசாரித்தேன். கொடைக்கானலுக்கும் ராமேஸ்வரத்துக்கும் பஸ் மாறுகிறவர்கள், பூ வியாபாரிகள், பரீட்சை எழுத வந்த பிள்ளைகள், இவர்கள்தான் தங்கியிருக்கிறார்கள். எந்த வம்பும் நடந்ததில்லை என்றார்கள். ஒரு லாட்ஜைப் பற்றி ஒருவர்கூட ஒரு குறை சொல்லவில்லை என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பிறகு கதிர் வந்தான். உள் அலங்காரம் செய்கிறவன் என்று நீ அறிமுகப்படுத்தினாய். தலைமுடியைக் கொண்டை போட்டிருந்தான். "அங்கிள், புதுசா எதுவும் வாங்க வேணாம். இருக்கிறத வச்சே செஞ்சிரலாம்" என்றான். புதிதாக வாங்க வேண்டாம் என்று சொல்கிற ஒப்பந்தக்காரரை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. இவன் வேறு எதையோ மனதில் வைத்திருக்கிறான் என்று முடிவு செய்துகொண்டேன். அன்றிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் அங்கே வரத் தொடங்கினேன். "இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போகலாம்னு" என்பேன். எனக்கு அந்தப் பக்கம் என்ன வேலை? நீ ஒருநாளும் கேட்டதில்லை.

வேலை நடக்க நடக்க, பிடிக்காமல் வந்த எனக்கே அந்த இடம் பிடித்துப்போனதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் ஒவ்வொரு அறையின் கதவையும் கழற்றினீர்கள். பழைய தேக்கு. அவற்றை இழைத்து, படுக்க வைத்து, இரும்புக் கால் பொருத்தி மேசைகளாக்கினீர்கள். அறை எண் பொறித்த பித்தளைத் தகடுகளை எடுக்காமல் அப்படியே விட்டீர்கள். அனிமேஷன் செய்கிற பெண் தன்னை 'நூற்று நாலு' என்றே சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் சாவி மாட்டுகிற பலகை இருந்ததே, அதில் ஒவ்வொருவரும் தங்கள் ஹெட்போனை மாட்டினார்கள். கழித்துப் போட்ட பஸ்ஸிலிருந்து இருக்கைகளை வாங்கிவந்து உட்காரப் போட்டாய். பெயர்ப்பலகைகளை ஊர்ப்பெயர் எழுதுகிற பஸ் போர்டு மாதிரித் தகரத்தில் எழுதவைத்தாய். சுவரின் கீழ்ப்பாதியில் இருந்த அந்தப் பச்சை பெயின்டைச் சுரண்டிவிடலாம் என்று நான் சொன்னபோது, "இருக்கட்டும்பா, இந்தப் பச்சை வேற எங்கயும் கெடைக்காது" என்றாய். கதிர் ஒருநாள் நீண்ட தாழ்வாரச் சுவரில் ஊரை வரையலாம் என்று ஆரம்பித்தான். நீ அவன் முடிக்கும் முன்பே, "கோபுரம், மல்லிகைப்பூ, காளைமாடு மூணும் வேணாம் கதிர். ஊர்ல எல்லா ஓட்டல்லயும் அதான் இருக்கு" என்றாய். அதற்குப் பதிலாக ஜன்னலுக்கு வெளியே தெரிகிற ஆட்களை நீயே வரைந்தாய். பையைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிற ஆள், பூ மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் அம்மா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் கல்லூரிப் பிள்ளை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். அந்தச் சுவரில் இருந்த எல்லோரும் எங்கேயோ போகக் காத்திருந்தார்கள். இவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடியில் தோன்றியதை நான் பின்தொடர்ந்திருக்க வேண்டும். நான் பின்தொடர்ந்தது தண்ணீர்க் குழாயை.

வரைபடத்தை நீயே ஒருநாள் என்னிடம் கொடுத்தாய். "நீங்க பாத்துச் சொல்லுங்கப்பா, வயரிங், மாடிப்படி எல்லாம் சரியா இருக்கான்னு." எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். படி ஒன்றுதான் இருக்கிறது, தீப்பிடித்தால் இறங்க இன்னொரு வழி வேண்டும் என்று சொன்னேன். நீ குறித்துக்கொண்டாய். பிறகு கிழக்குக் கோடியில் இருந்த அறைக்கு என் விரல் போனது. 'மாதிரி அறை' என்று எழுதியிருந்தது. காகித மாதிரி, துணி மாதிரி, வண்ண அட்டைகள் வைக்கிற இடம் என்றாய். அந்த அறைக்குள் குளியலறையை மட்டும் அப்படியே வைத்திருந்தாய். வெந்நீருக்கு ஒரு இணைப்பு. சின்னதாக ஒரு அடுப்புத் திட்டு. நான் வரைபடத்தைச் சுருட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரம் நேரில் போய்ப் பார்த்தேன். தளம் முழுக்கக் கதவே இல்லாத இடத்தில் அந்த ஒரு அறைக்கு மட்டும் கதவு இருந்தது. உள்பக்கம் மேலும் கீழுமாகப் புதிய தாழ்ப்பாள்கள்.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"பேப்பரெல்லாம் தூசி படாம இருக்கணும்ல."

"பேப்பரு உள்ளருந்து தாழ்ப்பாப் போட்டுக்குமா?"

நீ சிரித்தாய். "டீ குடிக்கிறீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டுக் கீழே போனாய். எனக்கு அப்போதே உன்னிடம் இன்னொரு முறை கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் என் தொழிலில் நாங்கள் வீட்டுக்காரரிடம் இரண்டாம் முறை கேட்பதில்லை. பக்கத்து வீட்டில்தான் கேட்போம். அன்று சாயங்காலம் நான் எட்வினைப் போனில் கூப்பிட்டேன்.

என்ன நினைத்துக் கூப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். உன்மேல் சந்தேகப்பட்டேன் என்று நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அந்தக் கதிர்மேல் சந்தேகம், வாடகை கொடுக்காமல் அவனே அங்கே தங்கிக்கொள்ளப் பார்க்கிறான், வெள்ளந்தியான என் மகளை ஏமாற்றுகிறான் என்றுதான் சொல்லிக்கொண்டேன். "மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. அங்க ஒரு ரூம் இருக்கு. அந்தப் பய போக்கு எனக்குச் சரியாப் படல" என்றேன். எட்வின் மிக மென்மையாக, "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு மாமா. யாருட்டயும் காட்டிக்க வேணாம். இனிமே எதைப் பார்த்தாலும் எனக்கு மட்டும் சொல்லுங்க" என்றார். ஓய்வு பெற்றபிறகு எனக்கு யாரும் கொடுக்காத பொறுப்பை அவர் கொடுத்த மாதிரி இருந்தது. சில வாரங்கள் அந்த வேலையைச் செய்தேன். கதிர் எத்தனை மணிக்கு வந்தான், நீ எப்போது கிளம்பினாய், மாதிரி அறைக்குக் கட்டில் வந்து இறங்கியது, எல்லாம் சொன்னேன். உன் அம்மா ஒருநாள் என் எதிரில் வந்து நின்று, "மாமனாரும் மருமகனும் அப்படி என்னதான் குசுகுசுன்னு பேசுறீக?" என்று கேட்டாள். "ஆம்பளைங்க சமாச்சாரம்" என்றேன்.

எட்வினை உனக்குப் பார்த்தவன் நான்தான். டி. கல்லுப்பட்டியில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்களிடம் விசாரித்தேன். திருமங்கலத்தில் அவர் வேலை பார்த்த கம்பெனியின் வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்தேன். சபையில் கேட்டேன். குடி இல்லை, கடன் இல்லை, வேறு பழக்கம் எதுவும் இல்லை. தங்கமான பையன் என்றார்கள். முதல் தடவை நம் வீட்டுக்கு வந்தபோது வாசல் கேட்டின் கொக்கி சரியாக விழுகிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். கேஸ் சிலிண்டர் டியூபில் தேதி பார்த்தார். எனக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துப்போனது. என்னைப் போலவே ஒருத்தன் கிடைத்துவிட்டான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள், "அதான் யோசனையா இருக்கு" என்றாள். நான் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

பார்க்கத் தெரிந்தவன் என்று பெருமைப்படுகிற நான் எதையெல்லாம் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன் என்று சொல்கிறேன். நம் வீட்டுக்கு வந்தால் எட்வின் போன் பண்ணும்போதெல்லாம் நீ ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாய். எங்களையும் பேச்சில் சேர்த்துக்கொள்கிறாய் என்று நினைத்தேன். உட்கார்ந்திருக்கிற இடத்தை போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புவாய். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாவற்றையும் போட்டோ எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். உன் வீட்டில் ஒருநாள் உன் அம்மா படுக்கையறைக்குள் போய்த் துணி மாற்றப் பார்த்தபோது, கதவில் தாழ்ப்பாள் இல்லை. "தாழ்ப்பாளக் காணமே?" என்று கேட்டாள். "துருப்பிடிச்சுருச்சு அத்தை, எடுத்துட்டேன்" என்றார் எட்வின். நானும் அந்தக் கதவைப் பார்த்தேன். திருகாணி இருந்த ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்து, மேலே பெயின்டும் அடித்திருந்தார். புதிதாக மாட்டப்போகிறவன் ஓட்டையை ஏன் அடைக்கிறான்? இந்தக் கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டும். வேறு யார் வீட்டிலாவது பார்த்திருந்தால் வந்திருக்கும். 'வேலை சுத்தம்' என்று மனதுக்குள் பாராட்டிவிட்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எட்வின் என்னையும் அங்கே வரச்சொல்லியிருந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. நான் மேலே வந்தபோது பிள்ளைகள் வேலையில் இருந்தார்கள். மாதிரி அறைக் கதவு சாத்தியிருந்தது. கொஞ்சநேரத்தில் எட்வின் படியேறி வந்தார். யாரையும் பார்க்காமல் நேராகப் போய் அந்தக் கதவைத் தட்டினார்.

"உள்ள யாரு?"

"நான்தான்" என்று உன் குரல் கேட்டது.

"நீ இருக்கன்னு தெரியும். கூட யாருன்னு கேக்கிறேன்."

மேசைகளில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. நீ தாழ்ப்பாளைத் திறப்பதற்கும், கீழேயிருந்து கதிர் கையில் வடைப் பொட்டலத்தோடு படியேறி வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. அதைப் பார்த்தபிறகாவது எட்வின் திரும்பியிருக்கலாம். அவர் உள்ளே போனார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். குளியலறைக் கதவைத் தள்ளினார். ஜன்னலைத் திறந்து, வெளியே வெயில் தடுப்பில் ஆள் நிற்க இடமிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். வாஷ்பேசினில் விரலை வைத்து ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மெர்சி, அந்த விரலை எனக்குத் தெரியும். குடியிருக்கவில்லை என்று சொல்லப்பட்ட எத்தனையோ வீடுகளில் நான் அப்படித்தான் ஈரம் பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷியை நிறுத்திவைத்துக்கொண்டு அவள் கண்முன்னால் அதைச் செய்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ரெண்டு டம்ளர் எதுக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணு அப்பாவுக்கு" என்றாய்.

"அப்பாதான் எனக்கே சொன்னாரு" என்றார் அவர்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையைப் பற்றி எழுத என்னால் முடியாது. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நீ கோபப்படவில்லை. கணக்குச் சரியாகிவிட்ட மாதிரி தலையை மட்டும் அசைத்தாய். பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாய்: "நீங்க பிளானைச் சந்தேகப்பட்டா அந்த வீடு ஒழுங்கா நிக்கும்பா. இவரு என்னையச் சந்தேகப்படுறாரு. நான் எங்க போயி நிக்க? அதுக்குத்தான் இந்த ரூமு." பிறகு எட்வினைப் பார்த்து, "இன்னைக்கு நான் வீட்டுக்கு வரல. இனிமேலும் வரல" என்றாய். அவர் என் பக்கம் திரும்பி, "கேட்டீங்கள்ல மாமா?" என்றார். நான் ஏதாவது பேசியிருக்க வேண்டும். நின்றேன். அவர் இறங்கிப் போனபிறகு நீ என்னிடம், "நீங்களும் போயிட்டு வாங்கப்பா" என்றாய். கதிர் வடைப் பொட்டலத்தை ஒரு மேசைமேல் வைத்துவிட்டு, என் பக்கம் பார்க்காமல் நகர்ந்து எனக்கு வழி விட்டான்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை, அதிர்ச்சியடையவும் இல்லை. பீரோவுக்கு மேலிருந்த மெத்தையை இறக்கித் தூசி தட்டினாள். "ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். "அந்த ரூமுக்குப் பிளான் போட்டப்பவே சொல்லிட்டா" என்றாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். "ஒங்ககிட்ட சொன்னா நீங்க ரெண்டு பக்கமும் விசாரிப்பீங்க. விசாரிக்கக் கெளம்புனா மாப்ளகிட்டதான மொதல்ல போவீங்க" என்று சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து மெத்தையோடு உன்னிடம் வந்தாள். என் வீட்டிலேயே எனக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருக்கிறது என்று ஒரு பக்கம் ஆத்திரம் வந்தது. எனக்குத் தெரியாமல் இருந்ததால்தான் அந்த அறை கட்டி முடிந்தது என்று கொஞ்சநேரம் கழித்துப் புரிந்தது.

இவ்வளவும் எழுதியபின் ஒரு தகப்பன் அறிவுரை சொல்ல வெட்கப்பட வேண்டும். ஆனாலும் சொல்கிறேன், என் புத்திக்கு அதுதான் வேலை. லாட்ஜ் உரிமையாளர் நல்லவர்தான். அவருடைய மகன்கள் எப்படி என்று உனக்குத் தெரியாது, ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள். அந்த இரண்டாவது படிக்கட்டைத் தள்ளிப்போடாதே. இப்போது நீ அங்கேயே தங்குகிறாய். உன் வேலையை அளவுக்கு மீறிப் புகழ்கிற வாடிக்கையாளர்மேல் ஒரு கண் வை. ஒரு மனிதன் உன் நன்மைக்காகத்தான் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தால், அவன் எவ்வளவு மென்மையாகப் பேசினாலும் நம்பாதே. அந்த மனிதன் நானாக இருந்தாலும் நம்பாதே. வீட்டுக்கு வந்துவிடு என்று மறுநாள் நான் போனில் சொன்னபோது நீ மறுத்தாயே, "அங்க வந்தா நான் எத்தனை மணிக்கு வாரேன்னு நீங்க பாப்பீங்கப்பா" என்று, அது சரியான பதில். பார்த்திருப்பேன்.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் கடிதமே எழுத உட்கார்ந்தேன். வேறு யார் வழியாகவும் இது உன் காதுக்கு வரக்கூடாது. எட்வினின் பெரியப்பா கேட்டுக்கொண்டதால், போதகர் வீட்டில் நேற்றுச் சாயங்காலம் கூடிப் பேசினோம். எட்வின், அவருடைய பெரியப்பா, போதகர், நான், உன் அம்மா. உன்னைக் கூப்பிட வேண்டாம், பெரியவர்கள் பேசி முடித்துவிடலாம் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். அதுவே தப்பு என்று உன் அம்மா வாசலிலேயே சொன்னாள். எல்லோரும் உட்கார்ந்தபின் எட்வின் அழகாகப் பேசினார். அவர்மேல் தப்பு இருப்பது மாதிரியே தெரியவில்லை. பொண்டாட்டிமேல் அக்கறை உள்ள ஒருவர் பேசுவது மாதிரித்தான் இருந்தது. லாட்ஜ், கட்டில், தாழ்ப்பாள், அந்நியப் பையன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் நான் கொடுத்த செங்கல். கடைசியில், "நான் சொல்றத நம்ப வேணாம். மாமா எல்லாத்தையும் கூட இருந்து பார்த்தவரு. அவரையே கேளுங்க" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பார்த்தேன் மாப்ள" என்றேன். "நெறையாப் பார்த்தேன். அம்புட்டையும் உங்ககிட்ட சொல்லிட்டதா நெனச்சேன். ஒண்ணு மட்டும் சொல்லாம விட்டுப்போச்சு. உங்க போன் அடிக்கிறப்பல்லாம் எம்மக தோளு ரெண்டும் மேல ஏறும். யாரோ பின்னாடி இருந்து அடிக்க வர்ற மாதிரி. நீங்க போன வச்ச பெறகுதான் எறங்கும். மாசக்கணக்கா என் கண்ணு முன்னாடி நடந்துச்சு. அதை இப்பச் சொல்றேன்."

"மொதல்ல சந்தேகப்பட்டதே நீங்கதான மாமா?" என்றார் எட்வின். குரல் மாறியிருந்தது.

"ஆமா, நான்தான். பட்டதுல ஒண்ணுகூட நெசமில்ல. அதையும் இங்கயே சொல்லிட்டுப் போறேன். கதவைத் தொறந்தப்ப உள்ள அவ மட்டும்தான் இருந்தா. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

பெரியப்பா கோபமாக எழுந்தார். போதகர் அவரை உட்காரவைத்துவிட்டு என்னிடம், "சரி, நடந்தது நடந்து போச்சு. பிள்ளைய எப்ப அனுப்பி வைக்கிறீங்க?" என்று கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். "அனுப்பி வைக்க அவ என்ன பார்சலாய்யா?" என்றேன். "என்னைய ஏன் கேக்கிறீங்க? அவ ஆபீசு மாட்டுத்தாவணிலதான் இருக்கு. அவளையே கேளுங்க." உன் அம்மா அதற்குள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். நாங்கள் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது எனக்கு மூச்சு வாங்கியது. அவள் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

இன்று காலையில் எட்வினிடமிருந்து எனக்கு மறுபடி போன் வந்தது. கோபமில்லை, பழைய மென்மைதான். நேற்று நடந்ததை மறந்துவிடலாம், நீ அங்கே சௌக்கியமாக இருக்கிறாயா, யார் யார் வந்துபோகிறார்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார். எனக்குத் தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையிலேயே தெரியாது. நான் அந்தப் பக்கம் வந்து பத்து நாளுக்கு மேலாகிறது. தெரியாமல் இருப்பது எனக்குச் சிரமமாகத்தான் இருக்கிறது. காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே கால் செருப்பைத் தேடுகிறது. ஆனாலும் வீட்டிலேயே இருக்கிறேன்.

நீ அந்த அறையிலேயே இருக்கலாம், வேறு வீடு பார்க்கலாம், வக்கீலைப் பார்க்கலாம், என்றாவது அவரோடு பேசிப் பார்க்கலாம் என்றும் முடிவெடுக்கலாம். எதுவானாலும் ஏன் என்று கேட்கமாட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அது பொய்யாகிவிடும். என் புத்தி எனக்குத் தெரியும். ஏன் என்று கட்டாயம் கேட்பேன். நீ ஒரு பதில் சொல்வாய். அது சரிதானா என்று பார்க்க இனி நான் யாரிடமும் போகமாட்டேன்.

அப்பா